கூலி: ஒரே ஒலி, எத்தனை சொல்?

வண்டிச்சக்கரம்:
ரொம்ப நாளாக மனசில் கிடக்கிற கேள்வி. ‘கூலி’ தமிழிலிருந்துதான் ஆங்கிலத்துக்குப் போனது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். கட்டுமரம், மிளகுத்தண்ணி வரிசையில் இதுவும் ஒன்று. அகராதிகளைப் புரட்டினால் கதை வேறு மாதிரி இருக்கிறது. ஒன்று குஜராத்தின் கோலி சமூகத்தைக் காட்டுகிறது. இன்னொன்று துருக்கியில் அடிமைக்கு ‘குல்’ என்கிறது. சீனச் சொல் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். நடுவில் ஜெர்மன்காரர்கள் பேனாவுக்குக் ‘கூலி’ என்கிறார்கள்! எது எதோடு சேரும், எது சேராது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ‘எல்லாம் தமிழே’ என்று ஒரு வரி போட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள்.

குறள்தாசன்:
ஒரு வரியில் வேண்டாம் என்கிறீர்கள், பல வரியில் சொல்கிறேன்: எல்லாம் தமிழே!

619ஆம் குறள். “தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்.” போர்த்துகீசியன் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே வள்ளுவர் வாயில் இருந்த சொல். வேரும் இங்கேயே கிடக்கிறது. கூலம் என்றால் தானியம். சிலம்பில் புகார் நகரத்து வருணனையில் ‘கூலம் குவித்த கூல வீதி’ வரும். மணிமேகலை பாடிய சாத்தனார் மதுரைக் கூலவாணிகர். வேலைக்கு ஈடாகத் தானியம் அளந்து போட்டார்கள், அது கூலி. கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு எல்லாவற்றிலும் இதே சொல் இருக்கிறது. இன்னும் என்ன சாட்சி வேண்டும்?

கொலாபா லோக்கல்:
அண்ணே, வள்ளுவர் சொன்னது சம்பளத்தை. வெள்ளைக்காரன் சொன்னது ஆளை. இரண்டும் ஒன்றா?

நான் இருப்பது மும்பையில். இந்த ஊரின் பழைய குடிகளே கோலி மீனவர்கள்தான். கோலிவாடா என்று அவர்கள் குடியிருப்பு இன்றும் இருக்கிறது, கொலாபா என்ற பெயரே அவர்களிடமிருந்து வந்தது என்பார்கள். குஜராத்திலும் பெரிய சமூகம். போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் டையூ, வசாய், கோவா என்று உட்கார்ந்தது இந்தக் கரையில். அவர்கள் எழுதி வைத்ததில் ‘கோலே’, ‘கோலிஸ்’ என்று வருவது இந்த மக்களைத்தான். சுமை தூக்கவும் துடுப்புப் போடவும் இவர்களைப் பிடித்தார்கள், பெயர் வேலையாளுக்கே ஆகிப்போனது. இது புதுசு இல்லை. ஸ்லாவ் இனத்து மக்களைப் பிடித்து விற்றதில்தான் ஐரோப்பிய மொழிகளில் அடிமைக்கு ‘ஸ்லேவ்’ என்று பெயர் வந்தது.

வேர்தேடி:
இரண்டு பேர் சொல்வதிலும் சரக்கு இருக்கிறது. அதனால்தான் இது இன்னும் தீராத வழக்கு.

1886இல் யூலும் பர்னலும் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, கொலாபா லோக்கல் சொல்கிற கோலி பக்கம்தான் சாய்கிறது. சாய்ந்துவிட்டு உடனே, தமிழிலும் கன்னடத்திலும் கூலி என்று சம்பளத்துக்கு ஒரு சொல் இருப்பது விஷயத்தைக் குழப்புகிறது, அகராதி தொகுத்த வில்சன் அதைத்தான் மூலம் என்கிறார் என்று சேர்க்கிறது. அதோடு துருக்கி அடிமையையும் இழுக்கிறது. அன்றைக்கு விழுந்த முடிச்சு, இன்றைய ஆங்கில அகராதிகளிலும் ‘இருக்கலாம்’ என்ற சொல்லோடுதான் இருக்கிறது.

என் கணக்கு இது. மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: ஒலி, பொருள், போன வழி.

பொருளில் தமிழுக்கு ஒரு இடைஞ்சல் உண்டு. தமிழில் கூலி என்பது கொடுக்கிற காசு. ஆளைச் சொல்லக் கூலியாள், கூலிக்காரர், கூலித்தொழிலாளி என்று ஒட்டுப் போட வேண்டும். ஆனால் காசின் பெயர் ஆளுக்கு நகர்வது பெரிய தாவல் இல்லை. தெலுங்கில் கூலி என்றால் சம்பளம், ‘கூலீ’ என்று கடைசியை நீட்டினால் ஆள். மொழி தெரியாத கப்பல்காரன் துறைமுகத்தில் நாள் முழுக்கக் கேட்கிற சொல் ‘கூலி, கூலி’ என்றால், கேட்பவனுக்கே அந்தப் பெயரை வைத்துவிட மாட்டானா?

கோலிக்கு இடைஞ்சல் ஒலியில். ஓகாரம் எப்படி ஊகாரம் ஆனது? ஆகவே முடியாது என்று சொல்லவில்லை, ஆனால் யாராவது விளக்க வேண்டும். பக்கத்திலேயே ‘கூலி’ என்று சரியான ஒலியோடு ஒரு சொல் நிற்கும்போது அந்த விளக்கம் இன்னும் கஷ்டம்.

ஆகவே மேற்குக் கரையில் ஒரு சாதிப்பெயர், கிழக்குக் கரையில் ஒரு சம்பளச் சொல். போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் மூவரும் இரண்டு கரையிலும் வியாபாரம் செய்தவர்கள். இரண்டு சொல்லும் அவர்கள் வாயில் கலந்து ஒன்றானது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வடிவத்தையும் ‘காசுக்கு வேலை’ என்ற பொருளையும் தமிழ் கொடுத்தது. ஓர் இனத்தையே குறிக்கிற வழக்கம் கோலியிலிருந்து ஒட்டியிருக்கலாம்.

குறள்தாசன் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. கூலம்-கூலி தொடர்பைச் சொல்லாய்வாளர் தேவநேயப் பாவாணர் வழியினர் சொல்வார்கள், இரண்டிலும் லகரம் என்பதால் ஒலியில் தடை இல்லை. சிலர் இதோடு கூழையும் கொண்டுவந்து சேர்ப்பார்கள். அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ழகரத்தையும் லகரத்தையும் இஷ்டத்துக்கு மாற்ற ஆரம்பித்தால் எதையும் எதோடும் ஒட்டிவிடலாம்.

குறள்தாசன்:
நீட்டலைக் கவனித்தீர்களா? ஆங்கிலத்தில் இரண்டு ‘ஓ’ போட்டு எழுதுகிறார்கள். நம் ஊகாரத்தைக் காதால் கேட்டு எழுதியது அது. இந்தியில் குறில், ‘குலி’. அங்கிருந்து போயிருந்தால் நெடில் எங்கிருந்து வரும்?

வேர்தேடி:
அந்தச் சாட்சி நிற்காது ஐயா. அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் குறில் உகரத்துக்கும் அதே இரண்டு எழுத்தைத்தான் போட்டார்கள். குர்க்காவை அப்படித்தான் எழுதினார்கள், முல்லாவையும் அப்படியே. அந்த எழுத்தைப் பார்த்துத்தான் நாம் ‘கூர்க்கா’ ஆக்கினோம்.

சார்மினார்:
துருக்கிப் பக்கத்தை யாரும் தொடவில்லையே, நான் தொடுகிறேன். உருதுவில் சுமைதூக்கி ‘குலி’யைக் ‘காஃப்’ என்ற அடித்தொண்டை எழுத்துப் போட்டு எழுதுவார்கள். இந்தியச் சொற்களுக்கு அந்த எழுத்து வராது. அரபி, துருக்கிச் சொல்லுக்குத்தான் வரும். எழுதியவர்கள் இதைத் துருக்கிச் சொல்லாக எண்ணினார்கள் என்று அர்த்தம்.

‘குல்’ என்றால் அடிமை, ஊழியன். ‘அலி குலி’ என்றால் அலியின் அடிமை. எங்கள் ஊரைக் கட்டியவர் பேரே முகம்மது குலி குதுப் ஷா, சார்மினார் எழுந்தது 1591இல். கோல்கொண்டா வம்சத்தைத் தொடங்கிய சுல்தான் குலி ஈரானின் ஹமதானிலிருந்து வந்த துருக்மேனியர். ஆக எங்கள் ஊரில் குலி என்றால் ராஜா, கூலீ என்றால் கல் சுமக்கிறவர். கோட்டையைக் கட்டியது யார் என்று கேட்டால் இரண்டு பதிலும் சரி!

ஆனால் மூலம் துருக்கிதான் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பெயர்களில் குலி தனியாக நிற்பதில்லை, இன்னாருடைய அடிமை என்று முன்னால் ஒரு பெயர் வேண்டும். கடவுளுக்கோ இமாமுக்கோ அடிமை என்பது பெருமைப் பட்டம். ஒட்டோமான் அரசின் படைக்கே ‘வாசல் அடிமைகள்’ என்று பொருள்படும் கபிகுலு என்றுதான் பெயர். ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கக் காசு பேசுகிறவரிடம் இது எப்படி வந்து சேரும்? வெளியிலிருந்து வந்த சொல்லுக்கு முன்ஷிகள், அதாவது எழுத்தர்கள், தெரிந்த சட்டையை மாட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

கொலாபா லோக்கல்:
ரயில் நிலையம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2016 ரயில்வே பட்ஜெட்டில் கூலி என்ற பெயரை மாற்றி ‘சஹாயக்’ என்று அறிவித்தார்கள். சிவப்புச் சட்டை, கையில் பித்தளை வில்லை எல்லாம் அப்படியே. இங்கே இன்னமும் எல்லாரும் கூப்பிடுவது குலி என்றுதான்.

பட்டர்வொர்த் பையன்:
மலேசியாவிலிருந்து எழுதுறேன். மலாயில ‘கூலி’ இருக்கு, ஆனா ஆள் மட்டும்தான். சம்பளத்துக்கு அவங்ககிட்ட ஏற்கெனவே ‘ஊப்பா’னு சொந்தச் சொல் இருந்துச்சு. கடை, கப்பல், முதல் எல்லாம் கெடாய், காப்பால், மோடால்னு தமிழ்லேருந்து போனது. அந்த வரிசையில கூலி நேரா நம்ம வியாபாரிங்ககிட்டேருந்து போச்சா, வெள்ளைக்காரன் எஸ்டேட் வழியா போச்சாங்கிறது வேற கேள்வி. பொருளைப் பார்த்தா எஸ்டேட் வாடை அடிக்குது. டச்சுக்காரன் 1880ல சுமத்ராவுக்குப் போட்ட சட்டத்துக்கே ‘கூலி ஆணை’னுதான் பேரு. ஒப்பந்தத்தை மீறின தொழிலாளியை ஜெயில்ல போடலாம்னு இருந்துச்சு.

இந்தோனேசியாவில இன்னிக்கும் கட்டட வேலைக்காரர் ‘கூலி பாங்ஙுனான்’. பத்திரிகைக்காரனுக்குக் கிண்டலா ‘கூலி திந்தா’, அதாவது மைக்கூலி. பல்கலைக்கழகத்துல படிக்கிறது ‘கூலியா’. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை, அது அரபி ‘குல்லிய்யா’, கல்லூரி. காதுக்கு மட்டும் ஒண்ணு.

சீனச் சொல்லுனு நினைக்கிறவங்களுக்கு: சீனத்துல ‘கு-லி’னு ரெண்டு எழுத்துல எழுதுவாங்க. முதல் எழுத்து கசப்பு, துன்பம். ரெண்டாவது பலம். துன்பப்பட்டு உழைக்கிறவன்னு கச்சிதமா பொருள் வர்றதால அங்கேயே பொறந்த சொல்லுனு தோணும். உண்மையில வெளியிலேருந்து வந்த ஒலிக்கு ஏத்த எழுத்தாத் தேடிப் போட்டிருக்காங்க. கோக்கோ கோலாவுக்குச் சீனத்துல ‘வாய்க்கு ருசி, மனசுக்கு மகிழ்ச்சி’னு பொருள் வர்ற எழுத்துப் போட்ட மாதிரிதான். 1847லேருந்து அமோய், மக்காவ் துறைமுகத்துலேருந்து கியூபாவுக்குக் கப்பல் கப்பலா ஆள் ஏத்தினாங்களே, அந்த வியாபாரத்தோட பரவின சொல் இது.

வியட்நாமியத்துல ‘கு லி’னா கூலியாள். இன்னொரு ‘கு லி’ தேவாங்கு! அதுக்கு என்கிட்ட விளக்கம் கேக்காதீங்க.

ஹம்பர்க் மழை:
பேனா விஷயத்துக்கு வருகிறேன். பந்துமுனைப் பேனாவுக்கு ஜெர்மனில் ‘கூகெல்ஷ்ரைபர்’. முதல் எழுத்துகளைப் பிடித்துச் செல்லமாகக் ‘கூலி’ என்கிறார்கள், நம் கூலிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று வகுப்பில் சொல்லித்தருவார்கள். நல்ல விளக்கம். ஆனால் சுருக்கத்தில் அந்த ‘லி’ எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

1928இல் இதே ஹம்பர்க்கில் ஒரு நிறுவனம் குழாய்முனை மைப்பேனா ஒன்றை விற்க ஆரம்பித்தது. பெயர் ‘டின்டென்கூலி’. டின்டெ என்றால் மை. மைக்கூலி! எஜமான் சொல்வதையெல்லாம் சுமந்து எழுதுகிற கூலியாள் என்ற கற்பனை. அந்த நிறுவனம்தான் பின்னால் ராட்ரிங் என்று வரைபடப் பேனாக்களுக்குப் பெயர் வாங்கியது. லாஸ்லோ பீரோ என்பவரின் பந்துமுனைப் பேனா 1938இல்தான் காப்புரிமை வாங்குகிறது. ஆக, பந்துமுனைப் பேனா வருவதற்கு முன்பே ஜெர்மன் மேசையில் ஒரு கூலி இருந்தது. புதுப் பேனாவின் நீளப் பெயரைச் சுருக்கும்போது பழைய கூலி கைகொடுத்திருக்கிறது என்பது என் கட்சி. பட்டர்வொர்த் தம்பி சொன்ன ‘கூலி திந்தா’வும் இந்த ‘டின்டென்கூலி’யும் ஒரே பொருள் என்பதைப் பார்த்ததும் எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

ரயில் நிலையத்தில் பெட்டி தள்ளுகிற வண்டிக்கு இங்கே ‘கோஃபர்கூலி’, அதாவது பெட்டிக்கூலி. ஆள் போய்விட்டார், வண்டி அவர் பெயரை எடுத்துக்கொண்டது.

நுவரெலியாக்காரி:
சம்பளப் பொருள் தமிழோட நின்டிட்டதெண்டு நினைக்க வேணாம். சிங்களத்தில ‘குலிய’ எண்டா வாடகை. கொழும்பில வீட்டு மதில்ல தொங்குற பலகையில ‘குலியட்ட’ எண்டு இருந்தா வீடு வாடகைக்கு விடுறாங்க. ‘குலீ கெதர’ வாடகை வீடு. எங்கட கூலிப்படைக்கு அவங்களிட்ட ‘குலீ ஹேவாயோ’ இருக்கு, அச்சொட்டா அதே அமைப்பு. காசு குடுத்து ஒண்டை எடுக்கிறது எண்ட பழைய பொருள் அப்படியே இருக்கு. இது வெள்ளைக்காரனைச் சுத்தி வந்த சொல்லில்ல, பக்கத்து வீட்டில இருந்து போன சொல்.

ஆளுக்கு வச்ச பேர் வந்தது தோட்டத்தோட. பழைய இலங்கைச் சட்டத்தில ‘இந்தியக் கூலி’ எண்டே எழுதி அதுக்கு வரையறையும் குடுத்திருக்கு. தோட்டத்துக்கு வாற சின்னத்துரைமாருக்கு, அதாவது வெள்ளைக்கார உதவி மேலாளர்மாருக்கு, தமிழ் படிப்பிக்கக் ‘கூலித் தமிழ்’ எண்ட பேரிலயே கைநூல் போட்டாங்க. ‘இங்கே வா, அங்கே போ’ எண்டு ஏவுறதுக்கான தமிழ். அதைப் படிச்சா மரியாதைப் பன்மையே எங்கட மொழியில இல்லையெண்டு நினைப்பீங்க.

ஆனா லயத்துக்குள்ள, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்குள்ள, நாங்க அந்தச் சொல்லை எங்களுக்கு வச்சுக்கொண்டதில்ல. நாள் சம்பளத்துக்கு அங்க சொல்லுறது ‘பேர்’. கொழுந்து நிறை காணாட்டி ‘அரைப்பேர்’ போட்டுருவாங்க. 2021இல நாட்சம்பளம் ஆயிரம் ரூபா ஆன பிறகும் சண்டை முழுக்க இந்த அரைப்பேரிலதான்.

குறள்தாசன்:
அம்மா, குலியவுக்கு நன்றி. என் கட்சிக்கு வலு சேர்த்தீர்கள். மலையாளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே ‘நோக்குகூலி’ என்று ஒன்று உண்டு. சரக்கை உரிமையாளரே இறக்கிக்கொண்டாலும், தொழிற்சங்கத்து ஆள் நின்று பார்த்ததற்குக் கூலி! 2018 மே முதல் தேதியோடு அதைக் கேரள அரசு ஒழித்ததாக அறிவித்தது. பார்த்ததற்குக் கூட மெய்வருத்தம் உண்டு போல.

டர்பன் கரும்பு:
இங்கே சிரிப்பு இமோஜி எல்லாம் ஓடுவதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் இந்தச் சொல் சாதாரணச் சொல் இல்லை, வசை. ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16ஆம் தேதி டர்பனில் எங்கள் முன்னோரை இறக்கியது. வந்தவர்கள் ஒப்பந்தத் தொழிலாளிகள். பிறகு சொந்தச் செலவில் வந்த வியாபாரியும் கூலி, வக்கீலும் கூலி. 1893இல் வந்த காந்தியைக் ‘கூலி பாரிஸ்டர்’ என்றார்கள், அவரே எழுதியிருக்கிறார். ‘சாமி’ என்றும் கூப்பிடுவார்கள். ராமசாமி, முனுசாமி என்ற பேர்களின் வால் அது. அப்படிக் கூப்பிட்ட வெள்ளைக்காரனிடம் சிலர், ‘சாமி என்றால் எஜமான், நான் உனக்கு எஜமான் இல்லையே’ என்று திருப்பிக் கொடுப்பார்கள் என்றும் காந்தி சொல்கிறார். கூலிக்கு அப்படித் திருப்பிக் கொடுக்க வழி இல்லாமல் போனது.

மொரீஷியஸில் ஒப்பந்தக்காரர்கள் இறங்கிய படித்துறை ‘கூலி காட்’. இன்று அது ஆப்ரவாசி காட், 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பெயரை மாற்றினார்கள். அதே தீவின் கவிஞர் கால் தொராபுல்லி எதிர்ப்பக்கமாகப் போய், அந்தச் சொல்லையே எடுத்துக் ‘கூலித்துவம்’ என்று ஒரு சிந்தனையாக்கினார். என் பாட்டியிடம் கேட்டிருந்தால் பெயரை மாற்றியது சரி என்றுதான் சொல்லியிருப்பார்.

வண்டிச்சக்கரம்:
நல்ல வேளை சொன்னீர்கள். இனி அந்தப் பக்கத்தையும் மனசில் வைத்துப் பேசுவோம். ஜமைக்காவில் இலந்தைப் பழத்துக்குக் ‘கூலி ப்ளம்’ என்று பெயராம், நம்மவர்கள் தின்றதாலா?

டர்பன் கரும்பு:
இந்தியாவிலிருந்து போனவர்களோடு சேர்த்துப் பார்க்கப்பட்ட பழம், அதனால். அங்கே பழத்தின் பேரில் வசையாக ஒலிப்பதில்லை. ஆளைப் பார்த்துச் சொன்னால் கதை வேறு.

தென்கடல்:
எதிர்ப்பக்கத்துக்கும் கொஞ்சம் சரக்கு. டோங்கா மொழியில் ‘குலீ’ என்றால் நாய். மாவோரியில் அதே சொல் ‘குரீ’. ஃபிஜியில் ‘கோலி’, அதுவும் நாய். ஹவாயில் ‘குலி’ என்றால் காது கேளாதவர். நைஜீரியாவில் ‘குலிகுலி’ என்று நிலக்கடலையில் செய்கிற மொறுமொறுப் பலகாரம். இத்தாலியனில் ‘கூலி’யை அங்கே போய்ச் சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள், பின்புறத்தின் பன்மை.

இதில் எதுவும் தமிழ் இல்லை. பசிபிக் நாய்கள் எல்லாம் தங்களுக்குள் ஒரே குடும்பம். ஆனால் ஃபிஜிக்கு 1879இல் முதல் ஒப்பந்தக் கப்பல் வந்து, 1903 முதல் சென்னையிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தபோது, ‘கூலி’ என்று அழைக்கப்பட்டவர்கள் இறங்கியது நாய்க்குக் ‘கோலி’ என்று சொல்கிற ஊரில். சொல்லின் வரலாற்றில் தற்செயல். கேட்டவன் காதில் அப்படி இருந்திருக்குமா?

குறள்தாசன்:
சுவாஹிலியில் ‘கூலி’ உண்டே, மொம்பாசா துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். அதையும் தற்செயல் என்பீர்களோ?

வேர்தேடி:
இல்லை ஐயா, அது நம் கடல்வழிச் சொல்தான். ஆளைக் குறிக்கிறது, துறைமுகத்தில் இருக்கிறது, இந்தியர்கள் போய் வந்த கரை. ஒலி, பொருள், வழி மூன்றும் பொருந்துகின்றன. அவர்கள் அதைத் தம் இலக்கணத்தில் போட்டு, பன்மைக்கு முன்னால் ‘மா’ சேர்த்து ‘மாகூலி’ என்கிறார்கள். டோங்கா நாய்க்கு ஒலி மட்டும்தான் பொருந்துகிறது.

வண்டிச்சக்கரம்:
அப்படியானால் கோலியா கூலியா என்ற முதல் வழக்கைத் தீர்க்க என்ன கிடைக்க வேண்டும்?

வேர்தேடி:
கிழக்குக் கரைக் கணக்குப் புத்தகம். நாகப்பட்டினம், பழவேற்காடு, சாந்தோம், மசூலிப்பட்டினம் மாதிரி இடங்களில் போர்த்துகீசியரோ டச்சுக்காரரோ எழுதிய செலவுக் கணக்கில், ‘கூலி’ என்பது காசாகவும் ஆளாகவும் பக்கத்துப் பக்கத்து வரிகளில் வர வேண்டும். மேற்குக் கரைப் பதிவுகளில் சாதிப்பெயர் வேலையாளின் பெயராக மாறுவதற்கு முந்தைய காலத்ததாகவும் அது இருக்க வேண்டும். அப்படி ஒரு பக்கம் கிடைத்தால் கொலாபா லோக்கல் கட்சி மாற வேண்டியதுதான்.

கொலாபா லோக்கல்:
மேற்குக் கரையில் முதலில் கிடைத்தால் நீங்கள் மாறுவீர்களா?

வேர்தேடி:
மாறுவேன். குறள்தாசன் ஐயாவைப் பற்றி உத்தரவாதம் தர முடியாது.

குறள்தாசன்:
மேற்குக் கரையில் கிடைத்தால், அங்கே அதைக் கொண்டுபோனது யார் என்று அடுத்த இழை தொடங்குவேன்.